கால்சியம் டப்பா

சௌந்தரவல்லி இருபத்திரண்டு வருடமாகக் காரைக்கால் பகுதியின் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்ப்பவள். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அதைத் திருத்த ஒரு குடும்பம் எத்தனை மாதம் அலைய வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சன்னலுக்கு வெளியே நிற்பவர்களிடம், "யோசிச்சு எழுதுங்க. எழுதிட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்று தினமும் நாலு தடவையாவது சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் மகள் பிரதீபாவின் கல்லூரிப் படிவத்தில் பதினான்காவது கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

காரைக்கால்மேட்டுக்குப் போகும் வழியில் இருந்த தனியார் நர்சிங் கல்லூரி அது. சேர்க்கைக்கு வந்த பெற்றோர்கள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் காமாலை, காசநோய், வலிப்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்த மருத்துவப் படிவம், பதினான்காவதாக இப்படிக் கேட்டது: 'மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா? தற்போது மருந்து உட்கொள்கிறாரா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அடியில், தவறான தகவல் தந்தது தெரியவந்தால் சேர்க்கை ரத்து செய்யப்படும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"ஆமான்னு போடும்மா" என்றாள் பிரதீபா மெதுவாக. "அதான் டாக்டர் சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்காருல்ல. சேத்து வச்சிடலாம்."

சான்றிதழ் சௌந்தரவல்லியின் கைப்பையில்தான் இருந்தது. தஞ்சாவூர் மனநல மருத்துவர் கலைவாணன் எழுதிக் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பிளஸ் ஒன் படிக்கும்போது, பிரதீபா எட்டு நாள் தூங்காமல் இருந்தாள். வேதியியல் புத்தகம் முழுவதையும் கட்டம் போட்ட நோட்டுகளில் எழுதித் தள்ளினாள். யார் பேசினாலும் அவர்களுக்கு முன்னால் அவள் பேசி முடித்தாள். ஒன்பதாம் நாள் காலை, தங்கள் ஊரான வரிச்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி, காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்தான் தோட்டைத் திருப்பிக் கொடுத்து, வீட்டு நம்பரைக் கேட்டு போன் செய்தது. காரைக்காலில் காட்டினால் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று சௌந்தரவல்லி மகளைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனாள். ஊரில் டைபாய்டு என்று சொன்னாள். இருமுனை மனநலக் கோளாறு என்று டாக்டர் சொன்ன பெயரை அவள் வீட்டுக்குள்ளேகூட உச்சரித்ததில்லை.

லித்தியம் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பிரதீபா தேறிவிட்டாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தாள்.

கல்லூரியில் சேரும் முன் கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் சொன்னார்: "இதுக்காகப் படிப்பைத் தடுக்கச் சட்டத்துல இடமில்ல. படிவத்துல எழுதுறது உங்க இஷ்டம். ஆனா ஹாஸ்டல்ல பொறுப்பான ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணும். இந்த மாத்திரை போடுறவங்களுக்கு உடம்புல தண்ணி குறையக் கூடாது. வாந்தி, பேதின்னா உடனே எனக்கு போன் பண்ணணும். வலி மாத்திரை, வலி ஊசி என்னைக் கேக்காமப் போடக் கூடாது. ரத்தத்துல மருந்து ஏறிடும். ஏறிட்டா விஷம்."

சௌந்தரவல்லி எல்லாவற்றையும் ஒரு சின்ன டைரியில் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொள்வது அவள் பழக்கம்.

இப்போது கூடத்தில், பேனாவை மறுபடி திறக்கப் போனவளை, பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் பேச்சு நிறுத்தியது. அவர் தாவூது. துபாயில் பல வருடம் கடையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மகள் ஜஸீலாவைச் சேர்க்க வந்திருந்தார்.

"ஒரு நோயும் இல்லைன்னு போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும்மா" என்றார் அவர், தன் படிவத்தைக் காட்டி. "போன வருஷம் எங்க தெருப் புள்ள ஒண்ணு, சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சுன்னு உண்மைய எழுதிப்புட்டா. தகுதிச் சான்று கொண்டா, அது சரியில்ல வேற கொண்டான்னு மூணு தடவ அலைய விட்டாங்க. அதுக்குள்ள சீட்டு வேற ஆளுக்குப் போயிருச்சு. பாவம், இப்ப ஜவுளிக்கடையில நிக்கிது."

சௌந்தரவல்லி கணவனைப் பார்த்தாள். பஞ்சநாதன் சுவரோரம் நின்றிருந்தார். நாற்று விடும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மனிதர். "சொல்லிடுறதுதான் நல்லது வல்லி" என்று குனிந்து சொன்னார். "நாளைக்கு ஒண்ணுன்னா?"

"நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் அவள். பேனா 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு சிறு குறியைப் போட்டது. கையெழுத்துப் போட மட்டும் படிவத்தை மகளிடம் நீட்டினாள். பிரதீபா சற்று நேரம் அந்தக் குறியையே பார்த்தாள். பிறகு போட்டாள்.

முதலாண்டு மாணவிகள் விடுதியில்தான் தங்கவேண்டும் என்பது அங்கே சட்டம். வரிச்சிக்குடி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் வீட்டிலிருந்து வந்து போக அனுமதி வேண்டுமென்றால் மருத்துவக் காரணம் காட்டவேண்டும். காட்டினால் பதினான்காவது கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். விடுதியில் பெட்டிகளை வார்டன் சோதனை போடுவார் என்றும் கேள்விப்பட்டாள். விடுதிக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் சௌந்தரவல்லி சமையல் மேடையில் உட்கார்ந்து, அட்டையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, கால்சியம் மாத்திரை வந்த வெள்ளை டப்பாவில் போட்டு மூடினாள். பேர் எழுதிய அட்டைகளை அடுப்பில் கொளுத்தினாள்.

"கேட்டா எலும்புக்குன்னு சொல்லு" என்றாள்.

"நர்சிங் படிக்கப் போறேன்மா. அங்க எல்லாருக்கும் மாத்திரை பாத்தாத் தெரியும்."

"முதல் வருஷத்துப் புள்ளைங்களுக்கு என்ன தெரியும்?"

இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் சௌந்தரவல்லி பொடி, முறுக்கு, துவைத்த சீருடை எல்லாம் எடுத்துக்கொண்டு போவாள். ஜஸீலாவும் பிரதீபாவும் ஒரே அறை. சன்னலைத் திறந்தால் தூரத்தில் படகுகள் தெரியும். ஜஸீலா வீட்டிலிருந்து வரும் பிரியாணியை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சௌந்தரவல்லி மகளின் முகத்தை ஒவ்வொரு வாரமும் சோதித்துப் பார்ப்பாள்: கண்ணுக்குக் கீழே கருப்பு இருக்கிறதா, பேச்சு வேகமாக வருகிறதா, தேவையில்லாமல் சிரிக்கிறாளா. ஒன்றும் இல்லை. மருந்தின் அளவைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் ரத்தப் பரிசோதனையை அந்த மாதம் எடுக்கவேண்டும். தஞ்சாவூர் போக விடுப்புக் கேட்டால் காரணம் எழுதவேண்டும். தீபாவளி லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது விடுதியே சோர்ந்து கிடந்தது. மெஸ் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது, பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றார்கள். பிரதீபா கட்டிலில் சாய்ந்திருந்தாள். உதடு வறண்டிருந்தது. அம்மா கொண்டுவந்த டீயை வாங்கும்போது கை ஆடியது. தம்ளரின் விளிம்பில் டீ தளும்பி விரலில் கொட்டியது. பிரதீபா அதைத் துடைக்கக்கூட இல்லை.

"எத்தன நாளா?"

"வியாழக்கிழமைலேருந்து. காய்ச்சல், உடம்பு வலி. சிக் ரூம்ல ஊசி போட்டாங்க."

"என்ன ஊசி?"

"வலிக்குத்தான். நேத்து ஒண்ணு, இன்னைக்குக் காலைல ஒண்ணு." பிரதீபா அம்மாவை நேராகப் பார்த்தாள். "வேண்டாம்னு சொன்னேன். ஏன் வேண்டாங்கறன்னு சிஸ்டர் கேட்டாங்க. என்னம்மா சொல்றது?"

சௌந்தரவல்லி எழுந்து நேராகச் சிக் ரூமுக்குப் போனாள். மேசையில் வயதில் சின்னவளான நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பிரதீபாவின் அம்மா என்றதும் கனிவாகச் சிரித்து, கோப்பை எடுத்துப் பிரித்தாள். மேலேயே இருந்தது அந்தப் படிவம்.

"பயப்படாதீங்கம்மா. எல்லாப் புள்ளைங்களுக்கும் இதுதான். உங்க பொண்ணுக்கு முன்னால ஒரு வியாதியும் கிடையாது, எந்த மருந்தும் எடுக்கல. இந்தா இருக்கே. ஆரோக்கியமான உடம்பு, ரெண்டு நாள்ல சரியாயிடும். ஏதாவது சொல்லணுமா?"

நர்ஸின் விரல் பதினான்காவது கேள்விக்கு நேரே இருந்தது. அந்தச் சிறு குறி சௌந்தரவல்லியின் கையால் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்தால் போதும். இன்னும் நான்கு வருடம், பிறகு ஒரு அரசாங்க வேலை, வெள்ளைச் சீருடை, கல்யாணம் எல்லாம் அந்த மேசைமேல் விரித்துக் கிடந்ததுபோல அவளுக்குப் பட்டது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "ஊசி மட்டும் இனிமே வேண்டாம். அவளுக்கு ஊசின்னா பயம்."

அறைக்குத் திரும்பி, மகளுக்கு இரண்டு தம்ளர் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். அது அப்படியே வாந்தியாக வந்தது. "ராத்திரி மாத்திரை போட்டுக்கவா, வேணாமா?" என்று பிரதீபா கேட்டாள். டைரியைப் புரட்டினாள் சௌந்தரவல்லி. வாந்தி, பேதி என்றால் உடனே போன் என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டரைத் தொந்தரவு செய்வானேன், காலையில் கேட்போம் என்று நினைத்தாள். "விடாமப் போடணும்னுதான் சொல்லியிருக்காரு. போட்டுக்க" என்றாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, டாக்டருக்கு இன்னும் போன் செய்யாமலே, அலுவலகத்தில் ஒரு இறப்புச் சான்றிதழுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மகளின் நம்பர். பேசியது ஜஸீலா.

"ஆன்ட்டி, உடனே வாங்க. பிரதீபா பேசுறது ஒண்ணும் புரியல. நாக்கு குழறுது. நிக்க முடியாம விழுந்துட்டா. வார்டன் வேற ஏதோ போதை மாத்திரைன்னு அலமாரியக் கொடைஞ்சிக்கிட்டு இருக்காங்க."

பஞ்சநாதனுக்குப் போன் செய்து, பேதி, ஊசி, ராத்திரி மாத்திரை எல்லாவற்றையும் சொன்னாள். ஊரில் வாடகைக் கார் வைத்திருந்த செல்லையனைக் கூட்டிக்கொண்டு அவர் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தார். மூன்று பேரும் கல்லூரிக்குப் போனபோது பிரதீபாவைச் சிக் ரூம் கட்டிலில் போட்டிருந்தார்கள். கை கால்கள் தானாக உதறிக்கொண்டிருந்தன. கண் அம்மாவைப் பார்த்தது, நிலைக்காமல் நழுவியது. தலைமாட்டில் ஜஸீலா நின்றுகொண்டிருந்தாள். வார்டன் கையில் அந்த வெள்ளை டப்பா.

"இது என்னதுங்க?" என்றார் வார்டன்.

"கால்சியம்."

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுதா? மறைக்காமச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடப் போறோம். அங்க டாக்டர் கேப்பாங்க."

"ஒண்ணும் இல்லங்க. காய்ச்சல் வந்தா அவளுக்கு இப்படித்தான் ஆகும். எங்க டாக்டர் தஞ்சாவூர்ல இருக்காரு. நாங்களே கூட்டிட்டுப் போயிடுறோம்."

கட்டிலில் பிரதீபா தலையை உயர்த்தப் பார்த்தாள். "லி..." என்றாள். எச்சில் கடைவாயில் வழிந்தது. "லித்..." சௌந்தரவல்லி சட்டென்று குனிந்து, முந்தானையால் துடைப்பதுபோல மகளின் வாயைப் பொத்தினாள். பொத்திய துணிக்குள் சொல் அடங்கும் வரை கையை எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது ஜஸீலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் 'எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள். அரசு மருத்துவமனை பத்து நிமிடம்கூட இல்லை. கார் அதன் பக்கம் திரும்பாமல் மேற்கே போயிற்று. பஞ்சநாதன் முன்சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"வல்லி, இங்கயே காட்டிடலாமே."

"ரெண்டரை மணி நேரந்தான். தஞ்சாவூருக்கே போயிடுவோம்."

திருநள்ளாறு தாண்டியது. மழையில் வயல்கள் தண்ணீர் கட்டிக் கிடந்தன. மடியில் இருந்த மகளின் தாடை இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. உடம்பு விறைத்து, விட்டு, மறுபடி விறைத்தது. அம்பகரத்தூர் கிட்டே வரும்போது, கூப்பிட்டால் முனகிக்கொண்டிருந்தவள் முனகலையும் நிறுத்திவிட்டாள். சௌந்தரவல்லி டாக்டருக்குப் போன் போட்டாள். எடுத்துவிட்டார்.

"சார், வரிச்சிக்குடி சௌந்தரவல்லி. பொண்ணுக்கு ஒடம்பு முடியல. பேதி நாலு நாளா... அந்த... அந்த மாத்திரை போடுறால்ல..."

"எந்த மாத்திரை? பொண்ணு பேரு என்ன?"

முன்னால் செல்லையன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். இரண்டு தெரு தள்ளி வீடு. சௌந்தரவல்லி குரலைத் தாழ்த்தினாள். "அதான் சார்... நீங்க குடுத்தீங்களே... தூங்காம இருந்தப்ப..."

"சத்தமாப் பேசுங்கம்மா. ஒண்ணும் கேக்கல. என்ன நோய்க்கு?"

அவள் செல்லையனின் முதுகைப் பார்த்தாள். கார் ஓரம் கட்டி நின்றது. செல்லையன் திரும்பினான்.

"அக்கா, யாருக்கு ஒளிக்கிறீங்க? ஊருக்கே தெரியும்க்கா. பாப்பாவுக்கு மனசு சரியில்லாமப் போச்சு, தஞ்சாவூர்ல வைத்தியம் பாக்குறீங்கன்னு அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். நீங்க சங்கடப்படுவீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. டாக்டர்கிட்ட வெளக்கமாச் சொல்லுங்க."

பஞ்சநாதன் எட்டி அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "டாக்டர், பிரதீபா அப்பா பேசுறேன். லித்தியம் சாப்பிடுற பொண்ணு. நாலு நாளாப் பேதி. வலி ஊசி ரெண்டு போட்டிருக்காங்க. நேத்து ராத்திரியும் மாத்திரை போட்டிருக்கா. இப்ப நெனவு இல்ல."

டாக்டர் போட்ட கூச்சல் பின்சீட்டுக்கே கேட்டது. "எங்க இருக்கீங்க? திருப்புங்க! பக்கத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தத்துல விஷம் ஏறியிருக்கு. இவ்வளவு தூரம் வந்தா பொண்ணு வந்து சேராது."

வந்த வழியே திரும்பினார்கள். ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் போகும்வரை நிற்கவேண்டியிருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. சௌந்தரவல்லி மகளின் மார்பில் காதை வைத்துக்கொண்டாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் பைக்கில் நின்றிருந்தவர்கள் கார் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார்கள்.

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பதிவுச் சீட்டு எழுதுகிறவர், முன்னால் என்ன வியாதி என்று கேட்டார். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். "மனநோய்" என்றாள் சௌந்தரவல்லி. அவர் நிமிர்ந்து பார்க்கவும், இன்னும் சத்தமாகச் சொன்னாள். "இருமுனைக் கோளாறு. இரண்டு வருஷமா லித்தியம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எழுதிக்குங்க." டப்பாவை மேசையில் வைத்தாள். "இதுல கால்சியம்னு போட்டிருக்கும். அது பொய். நான்தான் மாத்தி வச்சேன்."

ரத்தத்தில் லித்தியம் இருக்கவேண்டிய அளவுக்கு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. சிறுநீரகம் மந்தமாகிவிட்டிருந்தது. டயாலிசிஸ் செய்தார்கள், மறுநாளும் செய்தார்கள். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று இளம் மருத்துவர் ஒருவர் ஆரம்பித்து, சௌந்தரவல்லியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஜஸீலா வந்தாள். தாவூதும் ஒரு பை ஆப்பிளோடு வந்திருந்தார். வராந்தாவில் அவர் பஞ்சநாதனிடம், "அல்லாஹ் காப்பாத்திட்டான். நான் அன்னைக்குப் பேசுனது ஒரு பேச்சுக்குத்தான்" என்று ஆரம்பித்து, கொஞ்சம் தயங்கி, "எம்பொண்ண வேற ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றும் சொல்லி முடித்தார். ஜஸீலா தலையைத் தூக்கவில்லை. அப்பா நகர்ந்ததும் சௌந்தரவல்லியின் கிட்டே வந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு எல்லாம் தெரியும். முதல் வாரமே சொல்லிட்டா. மாத்திரை பேரும் சொன்னா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா." அவள் அப்பா போன பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அன்னைக்குச் சிக் ரூம்ல நானே சொல்லியிருப்பேன். நீங்க வந்துட்டீங்கள்ல. நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

சௌந்தரவல்லி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பிரதீபாவுக்குப் பேச்சு வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தேடி எடுத்து வைப்பதுபோல வந்தது. தண்ணீர் கேட்டாள். அப்பாவைக் கேட்டாள். அப்புறம் வெகுநேரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, "நீ... என்... வாயப்... பொத்துன" என்றாள்.

"ஆமா" என்றாள் சௌந்தரவல்லி.

பிரதீபா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரைகளை அப்பாவிடம்தான் கேட்டு வாங்கினாள். லித்தியத்தை நிறுத்திப் புதிய மாத்திரை கொடுத்திருந்தார்கள். மருந்துக் கடையில் கொடுத்த அட்டையோடு, பெயர் தெரியும்படி, அவளே தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் கையால் எதையும் வாயில் வாங்குவதில்லை. மருத்துவமனையில் மட்டுமல்ல, வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அப்படித்தான். சௌந்தரவல்லி சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஆடுகிற கையால் அதை அள்ளிச் சாப்பிட பிரதீபாவுக்கு அரைமணி நேரம் ஆகும். பாதி பாயில் சிந்தும். உதவிக்குப் போனால் தட்டை இழுத்துக்கொள்வாள்.

பார்க்க வந்த டாக்டர் கலைவாணன் பிரதீபாவுக்கு எதிரிலேயே சொன்னார்: "மூளையில நடைக்கும் பேச்சுக்கும் உண்டான இடம் பாதிச்சிருக்கு. நிறையப் பேருக்குச் சரியாயிடும். சிலருக்கு இப்படியே நின்னுடும். ஆறு மாசம் பார்க்கணும். இப்ப எதையும் உறுதியாச் சொல்ல என்னால முடியாது."

நவம்பர் கடைசியில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. தவறான மருத்துவத் தகவல் அளித்தது தொடர்பாக விசாரணை, மாணவி பெற்றோருடன் நேரில் வரவேண்டும்.

முதல்வர் அறையில் முதல்வரோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். முதலில் மாணவி மட்டும் வரட்டும் என்றார்கள். பிரதீபா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த சௌந்தரவல்லிக்கு, கதவு வழியே மகளின் இழுபட்ட குரல் கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை. யாரோ ஒருவர் பொறுமையில்லாமல் இருமினார். குரல் நிற்கவில்லை. இருபது நிமிடம் போல அது போய்க்கொண்டே இருந்தது.

பிறகு இவர்களைக் கூப்பிட்டார்கள். முதல்வர் படிவத்தை எடுத்துக் காட்டினார். "இந்தக் குறியைத் தானே போட்டதா உங்க பொண்ணு சொல்லுது."

சௌந்தரவல்லி மகளைப் பார்த்தாள். பிரதீபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லங்க. நான் போட்டது. ஆமான்னு போடச் சொன்னா. நான் கேக்கல. சிக் ரூம்ல கேட்டப்பவும் நான்தான் மறைச்சேன். தண்டனைன்னா எனக்குக் குடுங்க."

"நீங்க அரசாங்க உத்தியோகத்துல இருக்கீங்க. ஒரு படிவத்துல பொய் எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல" என்றார் முதல்வர். "நாங்க கேக்குறது பிள்ளைங்க பாதுகாப்புக்காக. நீங்க எழுதியிருந்தா அன்னைக்கு அந்த ஊசி போட்டிருக்க மாட்டாங்க."

அதுவரை வாய் திறக்காத பஞ்சநாதன் கேட்டார்: "நாங்க தப்புதாங்க. இல்லைங்கல. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சிக்கணும். ஆமான்னு எழுதியிருந்தா சீட்டு குடுத்திருப்பீங்களா?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல்வர் கோப்பில் ஒரு தாளைத் திருப்பி, பிறகு அதையே திரும்ப வைத்தார்.

"அது அப்போதைய கமிட்டி முடிவு பண்ணியிருக்கும்" என்றார்.

அரைமணி நேரம் கழித்து முடிவைச் சொன்னார்கள். நீக்கவில்லை. இந்த வருடம் கணக்கில் வராது. அடுத்த ஆகஸ்டில் புதிய வகுப்போடு முதலிலிருந்து சேரலாம். வீட்டிலிருந்தே வந்து போகலாம். ஆனால் கை நடுக்கம் நின்று, ஊசி போடவும் நோயாளியைத் தாங்கிப் பிடிக்கவும் தகுதி உண்டு என்று மருத்துவர் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் இடம் கிடையாது. பிரதீபா அந்தத் தாளை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தாள். மடிக்க முயன்றாள். மடிப்பு நேராக வரவில்லை. கோணலாகவே மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா நீயே போட்டேன்னு சொன்ன?" என்று சௌந்தரவல்லி வாசலில் கேட்டாள்.

"கையெழுத்து... என்னோடதுதானே" என்றாள் பிரதீபா.

பஞ்சநாதன் உரக்கடைக்குப் போகவேண்டும் என்று பிரிந்துகொண்டார். தாயும் மகளும் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். வரிச்சிக்குடி வழியாகப் போகும் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சௌந்தரவல்லி மகளின் முழங்கையைப் பிடிக்கப் போனாள். பிரதீபா கையை விலக்கிக்கொண்டாள். கம்பியை ஒரு கையால் எட்டிப் பிடித்தாள். பிடி நழுவியது. மறுபடி பிடித்தாள். காலைத் தூக்கிப் படியைத் தேடினாள். கால் படிக்கு வெளியே காற்றில் ஒருமுறை துழாவித் திரும்பியது.

"சீக்கிரம் ஏறுங்கம்மா, நேரமாச்சு" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். சன்னலோரம் இருந்த தலைகள் எட்டிப் பார்த்தன.

"நிறுத்துங்க" என்றாள் சௌந்தரவல்லி. "மருந்து விஷமாயி நடை போன பொண்ணு. அவளா ஏறுவா. கொஞ்சம் பொறுங்க."

கண்டக்டர் விசிலை எடுத்தார். டிரைவர் என்ஜினை அணைத்தார். பிரதீபா இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது காலை மறுபடி தூக்கினாள்.